போலிக் கணக்கில் மாணவியின் படம்: புகாரோடு சட்டத் திருத்தத்துக்கும் மனுக் கொடுக்கலாமா?

மேலூர் ஆசிரியை கேட்கிறார்:

வணக்கம். எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போய்ப் படிக்கும் மாணவி ஒருத்தியின் முகத்தை வேறொரு நிர்வாணப் படத்தில் ஒட்டி, அவள் பெயரிலேயே இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கி, உறவினர்களுக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் தேடித்தேடி அனுப்பியிருக்கிறார்கள். காவல் நிலையத்திலோ, "எஃப்ஐஆர் போட்டால் பெண்ணின் பெயர்தான் கெடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவளுடைய கைப்பேசியைப் பிடுங்கிப் பூட்டிவிட்டு, படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கும் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். உடனே என்ன செய்ய வேண்டும்? சட்டத்தைத் திருத்தக் கோரி நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுக்க எங்கள் மகளிர் குழு ஆயத்தமாக இருக்கிறது. அதில் எதைக் கேட்பது?

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கறிஞர்:

அம்மா, முதலில் கைப்பேசியை அவளிடமே கொடுக்கச் சொல்லுங்கள். சாட்சியம் அதில்தான் இருக்கிறது. கணக்கை முடக்கச் சொல்வதற்கு முன்பே, இணைப்பு முகவரி முழுவதும் தெரியும்படி, தேதி நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட வேண்டும். கணக்கின் பெயரைப் போலிக் கணக்கு தொடங்கியவன் நொடியில் மாற்றிவிடலாம் என்பதால் பெயரை மட்டும் குறித்துவைப்பது போதாது. படம் வந்த உறவினர்கள் அந்த உரையாடலை அழிக்கவும் வேண்டாம், வேறு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

அதன் பிறகு இன்ஸ்டாகிராம் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். நிர்வாணப் படமோ, ஆள்மாறாட்டமோ, ஒட்டுவேலை செய்த படமோ எதுவானாலும், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால் நீக்குவதற்கு 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் 24 மணி நேரம்தான் தந்தன. நீக்கியதை 180 நாள் பாதுகாத்து வைக்கவும் அவ்விதிகள் சொல்கின்றன.

எஃப்ஐஆர் பதிய மறுப்பது சட்டப்படி தவறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி (ஆள்மாறாட்ட மோசடி), படத்தின் தன்மையைப் பொறுத்து 67 (ஆபாசம்) அல்லது 67ஏ (வெளிப்படையான பாலியல் செயல்), இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79 (பெண்ணின் மாண்பை அவமதித்தல்) ஆகிய பிரிவுகளைக் குறிப்பிட்டுப் புகார் எழுதுங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்; அங்கும் அசையவில்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். இந்த வழியைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவே தந்திருக்கிறது.

உசிலம்பட்டி, மகளிர் இயக்கம்:

வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டால், "சட்டம் போதும், காவல் துறைதான் அசையவில்லை" என்று தோன்றலாம்; அது பாதி உண்மைதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு, படம் பார்ப்பவரின் காமத்தைத் தூண்டுகிறதா என்று கேட்கிறதே தவிர, அந்தப் பெண் சம்மதித்தாளா என்று கேட்பதில்லை. சம்மதத்தைக் கேட்கும் பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 77. படமெடுக்கச் சம்மதித்தவள் பரப்பச் சம்மதிக்கவில்லையென்றால் பரப்புவது குற்றம் என்று அது தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அது உண்மையில் எடுத்த படத்தைப் பற்றியது. ஒட்டிய படத்தை அதில் பொருத்துவது கடினம். இந்த இடைவெளியை அடைப்பதே மனுவின் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

காவல் நிலையத்தில் சொன்னார்களே, பெயர் கெடும் என்று, அதற்கும் சட்டத்தில் மருந்து குறைவு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்னும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு, அதே சட்டத்தின் 64 முதல் 71 வரையான பிரிவுகளில் வரும் பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். 2025 ஜூலையில், ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காணொளியை 48 மணி நேரத்துக்குள் நீக்கச் செய்யுமாறு மத்திய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட வழக்கில், ஆவணங்களிலிருந்து அவர் பெயரை நீக்கவும் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. நீதிமன்றம் வரை வர இயலாத பெண்ணுக்கும் அந்தப் பாதுகாப்பு சட்டத்திலேயே கிடைக்க வேண்டும்.

சட்டக் கல்லூரி விரிவுரையாளர்:

இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் "இணையத்தில் பெண்களை இழிவுபடுத்தும் எதுவும் குற்றம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடாதீர்கள். அப்படித் தெளிவற்ற சொற்களால் ஆன, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. அது நடைமுறையில் இருந்தபோது முகநூலில் கருத்தெழுதிய இளம்பெண்களே கைதானார்கள். தண்டனை ஆண்டுகளைக் கூட்டச் சொல்வதைவிட, "சம்மதமின்றி" என்னும் சொல்லும், "உருவாக்கிய அல்லது மாற்றியமைத்த படம்" என்னும் தொடரும் சட்டத்தில் ஏற வேண்டும் என்று கேளுங்கள்.

குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமும் திருத்தம் கொண்டுவர முடியும். எனவே மனுவின் ஒரு படியை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள்.