கடைப் பையன் தன் கியூஆர் கோடைக் காட்டிப் பணம் வாங்குகிறான், என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரையில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக நம்பி வைத்திருந்த பையன், நான் மதியம் சாப்பிடப் போகும் நேரத்தில் தன் கூகுள் பே கோடைக் காட்டிப் பணம் வாங்கியிருக்கிறான். தினமும் வரும் அக்கா ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது செலவுக்குக் கொடுத்தவன் நான், அதனால் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நிறுத்திவிடவா, போலீசுக்குப் போகவா?

பதில் 1: அண்ணா, அவசரப்பட்டுக் கத்தாதீர்கள். அந்த அக்காவின் போனில் யார் பெயருக்குப் பணம் போனது, தேதி, நேரம் எல்லாம் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் வாங்கி வையுங்கள். எண்ணெய், சர்க்கரை இருப்பையும் எண்ணிப் பாருங்கள். அப்புறம் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்.

பதில் 2: அடிப்பது, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவது எதுவும் வேண்டாம், கேஸ் உங்கள் மேலேயே திரும்பும். வேலையாள் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 316(4) பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. புகார் உங்கள் முடிவு, ஆனால் வேலை செய்த நாளுக்குச் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பதில் 3: எங்கள் கடையில், கணக்கில் பணம் ஏறியதும் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வைத்தபின் சத்தம் வராவிட்டால் வாங்குகிறவர்களே கேட்கிறார்கள். இன்றே வையுங்கள்.

கேட்டவர்: சரி, நாளைக் காலை கடை திறக்கும் முன்னால் அவனிடம் பேசுகிறேன்.