க்ரோன்ஸ் (நாள்பட்ட குடல் அழற்சி நோய்) குடல் சுருக்கம்: அழற்சியா, தழும்பா? எம்ஆர்ஐயில் எப்படிப் பிரிப்பது?

எழும்பூர் ரெசிடென்ட்:
சிறுகுடல் கடைசியில் சுருக்கம், அதுக்கு மேலே குடல் 3.5 செ.மீ. விரிஞ்சிருக்கு. மருந்தா ஆபரேஷனான்னு முடிவு பண்ணணும். எதைப் பார்க்கலாம் சார்?

அண்ணாநகர் ரேடியாலஜி:
முதல்ல டி2 ஃபேட்-சாட், அதாவது கொழுப்போட வெளிச்சத்தை அடக்கி நீரைப் பளிச்சுன்னு காட்டுற எம்ஆர்ஐ படம். சுவர் பளிச்சுன்னு வெள்ளையா இருந்தா நீர் கோத்திருக்கு, அழற்சி. தசை மாதிரி கறுத்திருந்தா தழும்புக்கு வாய்ப்பு. அப்புறம் கடோலினியம்ங்கிற கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில போட்டு 70 விநாடியிலும் 7 நிமிஷத்திலும் அதே இடத்தோட வெளிச்சத்தை அளந்து பாருங்க. போகப் போக வெளிச்சம் ஏறினா கொலாஜன், அதாவது தழும்போட நார்ப்புரதம்; அதுக்குள்ள கான்ட்ராஸ்ட் மருந்து மெதுவாத்தான் ஊறும். பெரும்பாலும் ரெண்டும் கலந்தே இருக்கும். ‘தழும்பு மட்டும்’னு தயவுசெய்து ரிப்போர்ட் எழுதிடாதீங்க.

தாம்பரம் டெக்னீஷியன்:
படம் கெடுறதே குடிக்கிற கட்டத்துலதான். ஸ்கேனுக்கு முன்னாடி குடலை விரிக்கக் குடிக்கிற மானிட்டால் (சர்க்கரை ஆல்கஹால்) கரைசல் 1 முதல் 1.5 லிட்டர், 45 நிமிஷத்துல கொஞ்சம் கொஞ்சமா. குடல் விரியாம மடங்கிக் கிடந்தா சுவர் தடிச்ச மாதிரி பொய்யாத் தெரியும். அடைப்பு அறிகுறி இருந்தா டாக்டரைக் கேட்டு அளவைக் குறைங்க. சித்திரை வெயில்ல வெறும் வயித்தோட வர்றவங்களுக்குக் காலை முதல் ஸ்லாட் கொடுங்க.

எழும்பூர் ரெசிடென்ட்:
பெட் ஸ்கேன் உதவுமா?

அண்ணாநகர் ரேடியாலஜி:
பெட் ஸ்கேன்ல போடுற கதிரியக்க மருந்தைப் பொறுத்தது. எஃப்டிஜிங்கிற சர்க்கரை மாதிரி மருந்து அழற்சியைத்தான் காட்டும். எஃப்ஏபிஐங்கிற இன்னொரு மருந்து, வேலை செய்யுற ஃபைப்ரோபிளாஸ்ட்டை (தழும்பு நாரை உண்டாக்குற செல்) பிடிக்கும். அடங்கிப்போன பழைய தழும்பு அதிலும் மங்கலாத்தான் தெரியும்.