ஹைவேயில் மினுங்கும் லைட்: லேன் மாறினால் மட்டும் போதுமா?

கொக்குவிலான்:
வேறொரு திரியில் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒன்ராறியோவின் 401 ஹைவேயில், வலது ஷோல்டரில் (ரோட்டோர ஒதுக்கில்) பொலிஸ் கார் லைட் போட்டு நிற்கிறது. நான் நடு லேனுக்கு மாறிவிட்டேன். பிறகு ஏன் வேகத்தைக் குறைக்க வேண்டும்?" பலரும் "தேவையில்லை" என்றே பதில் எழுதியிருந்தார்கள். அது பிழை.

ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 159ஆம் பிரிவில் இரண்டு கடமைகள் இருக்கின்றன. சிவப்பு லைட்டோ, சிவப்பும் நீலமுமோ மினுங்க நிற்கும் அவசர வாகனத்தை, அல்லது செம்மஞ்சள் லைட் மினுங்க நிற்கும் டோ ட்ரக்கை (பழுதான வாகனத்தை இழுக்கும் வண்டியை) நெருங்கினால், அந்தப் பக்கத்தில் போகும் எல்லோரும் வேகத்தைக் குறைத்துக் கவனமாகப் போக வேண்டும். அதே பக்கத்தில் இரண்டு லேனோ கூடவோ இருந்து, நீங்கள் அந்த வாகனத்துக்குப் பக்கத்து லேனில் வந்தால், பாதுகாப்பாக முடியுமென்றால் லேனும் மாற வேண்டும். லேன் மாறுவதற்குத்தான் "முடிந்தால்" இருக்கிறது. வேகம் குறைப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒன்ராறியோ சொல்லவே இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேக எல்லை மணிக்கு 80 கிலோமீற்றர் அல்லது மேலே என்றால் 70க்கு இறங்க வேண்டும், 80க்குக் கீழே என்றால் 40க்கு. அல்பேர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் 60. இங்கே 118இல் வந்தவர் 110க்கு இறக்கிவிட்டு "குறைத்தேன்" என்று வாதாடலாம். ஒன்ராறியோவும் 60 என்று எழுதி வைக்க வேண்டும்.

நெடுந்தூரம்:
இரண்டு கடமை எண்டது சரி அண்ணை. 60 எண்டது 401க்குச் சரிவராது.

பின்னால வாறது என்ன எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஒன்ராறியோவில் பெரிய ட்ரக் கூட்டு நிறை 63,500 கிலோ வரைக்கும் போகலாம். அதின்ர வேகக் கட்டுப்படுத்தி 105இல் நிக்கும். முன்னால போற கார் லைட்டைக் கண்டவுடன 110இல இருந்து 60க்கு மிதிச்சால், அந்த ட்ரக்குக்கு நிக்க இடம் காணாது. இன்னொண்டு: மூண்டு லேனோ கூடவோ உள்ள ஹைவேயில் 6.5 மீற்றருக்கு மேல நீளமான ட்ரக் இடது கரை லேனுக்குப் போக ஏலாது. வலது லேன் ஆக்கள் எல்லாம் நடு லேனுக்குள்ள வந்து பிரேக் பிடிச்சால், நடுவில நிக்கிற ட்ரக் எங்க போறது? இடதுக்குப் போனால் அவருக்கு டிக்கெட்.

ஆபத்து வேகத்தில மட்டுமில்லை, பக்கத்தில ஓடுற ரெண்டு வாகனத்துக்கு இடையில இருக்கிற வேக வித்தியாசத்திலயும்தான். உறைமழை நேரம் 60 கூடக் கூடின வேகம். காய்ஞ்ச ரோட்டில, நாலு லேன் தள்ளிப் போறவருக்கு 60 ஆபத்து. சட்டம் "போக்குவரத்து, சாலை, காலநிலை பார்த்து" எண்டு எழுதினது யோசிச்சுத்தான்.

கொக்குவிலான்:
நாலு லேன் தள்ளிப் போகிறவரை நான் சொல்லவில்லை. பக்கத்து லேனில் மாட்டிக்கொண்டு மாற முடியாமல் போகிறவரைச் சொல்கிறேன். கணக்கைப் பாருங்கள். 100இல் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 28 மீற்றர். கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரைச் செக்கன் என்றால் 42 மீற்றர் அப்படியே போய்விடும். காய்ந்த ரோட்டில் நல்ல ரயர் உள்ள கார் நிற்க இன்னும் 55 வேண்டும். மொத்தம் 97. அதே கார் 60இல் வந்தால் 25உம் 20உம், மொத்தம் 45. ஷோல்டரில் நிற்கும் பொலிஸ்காரர் கதவைத் திறந்து இறங்கும்போது அந்த 50 மீற்றர்தான் அவருக்கு உயிர். இதை ஓட்டுநரின் மனப்போக்குக்கு விடக்கூடாது.

வாகைமரம்:
இருவரும் சட்டத்தில் உள்ள ஒரு வரியைத் தாண்டிப் போகிறீர்கள். எண் இல்லைதான், ஆனால் அளவுகோல் இருக்கிறது. நிற்கும் வாகனத்தில் மோதாமலும், அதற்கு வெளியே நிற்கும் ஆளை ஆபத்துக்கு உள்ளாக்காமலும் இருக்கும் அளவுக்கு வேகம் குறைய வேண்டும். ஆகவே 118இல் இருந்து 110க்கு வந்தவர் "குறைத்தேன்" என்றால் மட்டும் தப்ப முடியாது. ஆள் வெளியே நிற்கும்போது பக்கத்து லேனில் 110 என்பது அந்த அளவுகோலில் தோற்கும்.

பலர் அறியாத இன்னொன்று: பாதுகாப்பாக முடியுமானால், கடந்து போகாமல் பின்னாலேயே நிறுத்திவிடவும் இதே பிரிவு இடம் தருகிறது. 401இல் அது சரிவராது, ஊர் ரோட்டில் வரும்.

தண்டனை: முதல் தடவை 400 முதல் 2,000 டொலர் வரை, லைசென்ஸில் மூன்று டீமெரிட் (தண்டனைப்) புள்ளி. பொலிஸ் கையில் தரும் டிக்கெட்டில் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 490 டொலர் இருக்கும். ஐந்து வருடத்துக்குள் மறுபடி பிடிபட்டால் 1,000 முதல் 4,000 டொலர், ஆறு மாதம் வரை சிறை, இரண்டு வருடம் வரை லைசென்ஸ் இடைநிறுத்தம். டிக்கெட் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்டுவதா, அரசுத் தரப்பு வழக்குரைஞரைச் சந்திப்பதா, விசாரணை கேட்பதா என்று பதில் கொடுத்துவிட வேண்டும். "மூன்று புள்ளிதானே" என்று கட்டிவிடுபவர்களுக்கு: இன்சூரன்ஸ் கொம்பனி புள்ளியை எண்ணுவதில்லை, குற்றத் தீர்ப்பைத்தான் எண்ணும்.

பனிமழை:
பொலிஸ், அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, சரி. டோ ட்ரக்குக்கு ஏன் இந்தச் சலுகை? செம்மஞ்சள் லைட்டை எரியவிட்டுக்கொண்டு ஹைவே முழுக்க ஓடித் திரிகிறார்கள். விபத்து நடந்தால் மொய்க்கிறார்கள். அவர்களுக்காக நான் மூன்று லேன் தாண்ட வேண்டுமா?

வாகைமரம்:
மூன்று லேன் வேண்டாம், ஒன்று போதும். ஓடிக்கொண்டிருக்கும் டோ ட்ரக்குக்கு இந்தக் கடமை இல்லை, லைட் மினுங்க நிற்க வேண்டும். 2015 செப்டெம்பர் 1 முதல் இதுதான் சட்டம். மொய்ப்பதற்கு வேறு விதி உண்டு: விபத்து இடத்திலிருந்து 200 மீற்றருக்குள் இழுவைச் சேவைக்கு ஆள் பிடிப்பது குற்றம். 2021 டிசம்பர் முதல் 401, 400, 427 போன்றவற்றின் சில பகுதிகளில் ஒரு வலயத்துக்கு ஒரு கொம்பனிதான் இழுக்கலாம். தொழிலில் உள்ள கோளாறைக் காட்டி, ரோட்டோரம் குனிந்து நிற்கும் ஆளின் பாதுகாப்பைக் குறைக்க முடியாது.

நெடுந்தூரம்:
பனிமழை, அந்த ஆள் எங்க நிக்கிறார் எண்டு பாருங்கோ. காரைச் சக்கரத்தில தூக்கி இழுக்கிற வண்டி எண்டால், ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் பட்டி போட்டு இறுக்க வேணும். வலது ஷோல்டரில நிக்கிற காரின்ர இடது சக்கரம் வெள்ளைக் கோட்டுக்குக் கிட்ட. அவர் குந்தியிருக்கேக்க முதுகு ரோட்டுப் பக்கம், ஒரு குதி கோட்டில. ஹைவே லேன் 3.75 மீற்றர், ட்ரக் அகலம் 2.6. லேனுக்கு நடுவாய் ஓடினாலும் ஒவ்வொரு பக்கமும் அரை மீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தான் மிச்சம். அதுக்குள்ள கண்ணாடி வேற நீட்டிக்கொண்டு வரும். ஒரு லேன் விட்டுப் போனால் அவருக்கு நாலு மீற்றர் கிடைக்கும். காத்தின்ர இழுவையும் தெரியாது.

எப்பிடிச் செய்யிறது எண்டால்: தூரத்தில லைட் மினுங்கினவுடன காலை எடுங்கோ, பிரேக் வேண்டாம். 100இல ஒரு கிலோமீற்றருக்கு 36 செக்கன் இருக்கு, அவசரமில்லை. மிரர், சிக்னல், தோளுக்கு மேலால ஒரு பார்வை, பிறகு மாறுங்கோ. நடு லேனில நிக்கிற கார்க்காரர் இடதுக்குப் போய் இடம் விட்டால் ட்ரக்குகளுக்குப் பெரிய உதவி. மாற ஏலாட்டி சிக்னலைப் போட்டபடி வேகத்தைக் குறைச்சுக்கொண்டே வாங்கோ, பின்னால வாறவர் இடம் விடுவார். அப்பிடியும் கிடைக்காட்டி உங்கட லேனுக்குள்ள இடது ஓரமாய், நல்லாய்க் குறைச்சுப் போங்கோ. கடைசி நேரத்தில வெட்டி மாறுறதுதான் ஆக மோசம். முன்னால போற வானின்ர மறைப்பில வாறவருக்கு, வான் விலகின பிறகுதான் நிக்கிற கார் தெரியும்.

கொக்குவிலான்:
இதோடு ஒன்று. பின்னால் சைரனோடு அம்புலன்ஸ் வருகிறது, முன்னால் சிவப்பு சிக்னல், ஒதுங்க இடமில்லை. மெல்லச் சிவப்பைத் தாண்டி ஓரமாகி வழி விடுவதுதான் மனிதாபிமானம் என்பேன்.

வாகைமரம்:
இதில் உங்களோடு முழுக்க மாறுபடுகிறேன். வழி விடும் கடமை, சிவப்பைத் தாண்ட அனுமதி அல்ல. அம்புலன்ஸ்கூடச் சிவப்பில் முதலில் நின்று, பாதுகாப்பு என்று கண்ட பிறகுதான் தாண்டலாம் என்று 144ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குச் சைரனும் லைட்டும் உண்டு. உங்கள் கார் உள்ளே நுழைவது குறுக்கே பச்சையில் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? கமெரா இருந்தால் வாகனச் சொந்தக்காரருக்கு 325 டொலர் வரும், அதில் புள்ளி இல்லை. பொலிஸ் பிடித்தால் மூன்று புள்ளியும் சேரும். நிற்கும் கோட்டுக்குப் பின்னால் வலதுபுறம் எவ்வளவு ஒட்ட முடியுமோ ஒட்டி நில்லுங்கள். அம்புலன்ஸ் சாரதி பெரும்பாலும் எதிர் லேனால் போகத்தான் பார்ப்பார்.

சந்திக்குள் ஏற்கனவே இடது திரும்பக் காத்திருந்தால் வேறு. திரும்புவதைக் கைவிட்டு, பாதுகாப்பானதும் நேரே போய், சந்தியைத் தாண்டி வலது ஓரமாக நிறுத்த வேண்டும். நீங்கள் திரும்பும் அதே பக்கத்தால் அம்புலன்ஸ் உங்களைக் கடந்துகொண்டிருக்கலாம்.

பனிமழை:
ஹைவேயில் சைரன் கேட்டால்? வலது ஓரம் என்றால் ஷோல்டர்தானே?

நெடுந்தூரம்:
இல்லை! ஷோல்டருக்குப் போகாதேங்கோ. லேன் எல்லாம் அடைபட்டால் அவையள் ஷோல்டராலதான் வருவினம். அதில நீங்கள் நிண்டால் கடைசி வழியும் போச்சு.

வாகைமரம்:
சட்டத்தின் வரைவிலக்கணமும் இதோடு ஒத்துப்போகிறது. வழி விட ஓடுபாதையின், அதாவது வாகனங்கள் ஓடும் பகுதியின், ஓரமாக நிறுத்தச் சொல்கிறது சட்டம்; அதில் ஷோல்டர் அடங்காது. ஆகவே "ஓடுபாதையின் ஓரம்" என்றால் வெள்ளைக் கோடு. ஒரே திசையில் இரண்டுக்கு மேல் லேன் இருந்தால் உங்களுக்குக் கிட்டிய ஓரம்: இடது லேனில் இருப்பவர் இடப்பக்கம், வலது லேனில் இருப்பவர் வலப்பக்கம். அவசர வாகனம் கடந்து போன பிறகும் உடனே புறப்படாதீர்கள், பின்னால் இன்னொன்று வரலாம். அதன் வாலைப் பிடித்து ஓடுவதும் குற்றம், 150 மீற்றர் இடைவெளி வேண்டும்.

ஸ்ருட்கார்ட் வாசி:
ஜேர்மனியில் இதற்குச் சைரன் வரும்வரை காத்திருக்கக்கூடாது. ஒட்டோபானில் வாகனங்கள் நடை வேகத்துக்கு வந்தாலே, இடது கரை லேன் இடப்பக்கம், மற்ற எல்லா லேனும் வலப்பக்கம் ஒதுங்கி நடுவில் வழி விட வேண்டும். விடாவிட்டால் குறைந்தது 200 யூரோ, இரண்டு புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை. வாகனங்கள் நெருங்கி நின்றுவிட்டால் பிறகு சக்கரத்தைத் திருப்பவே இடம் இருக்காது, அதனால்தான் முன்கூட்டியே.

கொக்குவிலான்:
சிவப்பு சிக்னல் விஷயத்தில் வாகைமரம் சொல்வது சரி, அந்த வாதத்தை விடுகிறேன். எண் விஷயத்தில் விடமாட்டேன். மொன்றியலுக்குப் போகிறவர்கள் 2012 ஆகஸ்ட் 5 முதல் கியூபெக்கில் இதே போன்ற விதி இருப்பதையும், அங்கே நாலு புள்ளி என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் எல்லையைக் கடந்தவுடன் மாறும் விதிகளில் சராசரிச் சாரதி நினைவில் வைப்பது எண்ணைத்தான். "ஆபத்துக்கு உள்ளாக்காமல்" என்ற வாசகத்தை யாரும் ஓடும்போது கணக்குப் பார்ப்பதில்லை.

சரி நெடுந்தூரம், 401ஐ விடுவோம். போக ஒரு லேன், வர ஒரு லேன் உள்ள 80 எல்லை ரோட்டைப் பாருங்கள். அங்கே லேன் மாறும் கடமையே இல்லை, ஏனென்றால் மாற லேன் இல்லை. ஷோல்டரும் சரளைக்கல், ஒடுக்கம். மிஞ்சுவது வேகம் குறைக்கும் கடமை மட்டும். அதற்காவது எண் வேண்டாமா?

நெடுந்தூரம்:
அந்த ரோட்டுக்கு நான் எதிர்ப்பில்லை. எல்லாரும் ஒரே வரிசையில வாறதால வேக வித்தியாசப் பிரச்சினையும் குறைவு. ஆனா அங்க 60 எண்டது கூடிப்போச்சு, 40 போடுங்கோ. எதிரில ஆள் வரேக்க மஞ்சள் கோட்டைத் தாண்டவும் ஏலாது, நிக்கிற வண்டிக்கும் உங்களுக்கும் இடையில ஒரு கை நீளம் இருந்தால் பெரிய விஷயம். எழுதேக்க "40, அல்லது நிலைமைக்கு ஏற்ப அதிலும் குறைய" எண்டு எழுத வேணும். இல்லாட்டி பனிக்காலத்தில 40இல வழுக்கி இடிச்சவர் "நான் சட்டப்படிதான் வந்தனான்" எண்டு நிப்பார்.

கொக்குவிலான்:
40 எனக்குச் சம்மதம். 401இல் பக்கத்து லேனுக்கு 60 என்பதையும் நான் விடவில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதி, எங்கள் தொகுதி மாகாண சபை உறுப்பினருக்கு அனுப்பும் கடிதத்தின் வரைவை நாளைக்கு இந்தத் திரியில் போடுகிறேன். வாகைமரம், சட்ட வாசகத்தைத் திருத்தித் தாருங்கள்.

வாகைமரம்:
தருகிறேன். "அதே பக்கத்தில்" என்ற சொல்லையும் அதில் தொடுவோம். நிற்கும் வாகனத்துக்கான கடமை இப்போது அந்தப் பக்கத்தில் போகிறவர்களுக்கு மட்டும்தான். ஒரு லேன் ரோட்டில் எதிரே வருகிறவர் 80இலேயே வந்தால், ஒதுங்கிப் போக நினைப்பவருக்கு இடமே இருக்காது.