மறுமொழி: மேஜிக் சீட்டாட்டச் சொற்கள் – காப்பா, விலக்கா?

குழுமத்தாருக்கு வணக்கம். மேஜிக் சீட்டாட்டத்தின் விதிச் சொற்களைத் தமிழாக்கும் நம் வேலையில், சீட்டுகளின் புரொடெக்‌ஷன் என்ற ஆற்றலுக்கு வந்த இந்தப் பரிந்துரைக்கு என் மறுமொழி:

> புரொடெக்‌ஷன் = காப்பு. இம்யூனிட்டி என்ற பொருளும் தொனிக்க வேண்டுமென்றால் தடைகாப்பு. மருத்துவ நூல்களில் உள்ள சொல்தான்.

ஐயா, இரண்டையுமே நான் எதிர்க்கிறேன். சொற்களில் குறையில்லை. ஆனால் ஆட்டத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஆடுபவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கின்றன.

மேஜிக்: தி கேதரிங் 1993இல் வெளிவந்தபோது முதல் தொகுதியிலேயே பிளாக் நைட் என்ற சீட்டு இருந்தது. அவன் கறுப்பு நிற வீரன், வெள்ளை நிறச் சீட்டுகளுக்கு எதிரான புரொடெக்‌ஷன் உடையவன். களத்திலுள்ள உயிரிகள் (கிரீச்சர் சீட்டுகள்) அனைத்தையும் அழிக்கும் ராத் ஆஃப் காட் என்ற வெள்ளைச் சீட்டும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. இந்த வெள்ளை மந்திரத்தில் பிளாக் நைட் பிழைப்பானா? பிழைக்க மாட்டான். விதித்தொகுப்பின் 702.16ஆம் பகுதியைப் பாருங்கள். வெள்ளை மூலத்திலிருந்து வரும் சேதம் தடுக்கப்படும். வெள்ளை மந்திரமோ கருவியோ அவன்மேல் ஒட்டாது. வெள்ளை உயிரி அவனை மறிக்க முடியாது. வெள்ளை மந்திரம் அவனை இலக்காகக் கொள்ள முடியாது. இந்த நான்கோடு சரி. ராத் ஆஃப் காட் யாரையும் இலக்காகக் குறிப்பதில்லை, சேதமும் செய்வதில்லை, வெறுமனே ‘அழி’ என்கிறது. பைரோகிளாசம் என்ற சிவப்புச் சீட்டும் இலக்குக் குறிப்பதில்லைதான். ஆனால் அது தருவது எல்லா உயிரிகளுக்கும் 2 சேதம். ஆகவே சிவப்புக்கு எதிரான புரொடெக்‌ஷன் உள்ள உயிரி அதில் பிழைத்துவிடும்.

தடைகாப்பு என்று எழுதினால், வெள்ளை நிறத்தது எதுவும் அவனை ஒன்றும் செய்யாது என்றுதான் படிப்பவர் கொள்வார். எங்கள் ஆட்ட மேசையில் இந்த ஒரு சீட்டை வைத்து அரைமணி நேரம் வாதாடியிருக்கிறோம். மொழிபெயர்ப்பு அந்தக் குழப்பத்தைக் கூட்டக் கூடாது.

காப்புக்கு வேறொரு சிக்கல். ‘வெள்ளைக் காப்பு’ என்றால் வெள்ளையிடமிருந்து காப்பா, வெள்ளை தரும் காப்பா, வெள்ளை நிறக் காப்பா? கையில் அணியும் வளையம்கூட நினைவுக்கு வரும். உருபு தொக்கி நிற்கும்போது தமிழில் வழக்கமாக வரும் மயக்கம்தான், ஆனால் விதிச் சொல்லில் அது ஆகாது.

நான் முன்வைப்பது விலக்கு. வரிவிலக்கு, மதுவிலக்கு என்பவற்றில் முன்னால் நிற்கும் சொல்தான் விலக்கப்படுவது என்பது தமிழ் படிக்கும் எவருக்கும் தெரியும். ‘வெள்ளை விலக்கு’ என்றவுடன் திசை தெளிவாகிறது. வருமான வரிவிலக்குப் பெற்றவரும் வீட்டுக்குச் சொத்து வரி கட்டத்தான் வேண்டும் என்பதுபோல, விலக்குக்கு எல்லை உண்டு என்ற எண்ணமும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இதைவிட முக்கியமான ஒன்று: பிளாக் நைட்டின் உரிமையாளரே ஒரு வெள்ளை மந்திரத்தால் அவனுக்கு வலிமை கூட்ட நினைத்தாலும் அவனை இலக்காக்க முடியாது. காப்பு தீமையை மட்டும் தடுப்பது. விலக்கு நல்லதையும் சேர்த்துத் தடுக்கும்.

காப்பை வீணாக்க வேண்டாம், ஹெக்ஸ்ப்ரூஃபுக்கு வைத்துக்கொள்ளலாம். எதிராளி மட்டும் இலக்காக்க முடியாது, உரிமையாளருக்குத் தடையில்லை என்பதே அதன் பொருள். ஏவற்காப்பு எப்படி இருக்கிறது? ஏவல் என்பது பிறர் நம்மீது ஏவுவது. தனக்குத் தானே ஏவல் வைத்துக்கொள்பவர் இல்லை. யாருமே இலக்காக்க முடியாத ஷ்ரவுடுக்குப் போர்வை. ‘இலக்கிலி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். குறிக்கோளற்றது என்றுதான் அது படிக்கப்படும். ‘தீண்டாமை’ என்ற பரிந்துரையை விவாதத்துக்கே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல் சுமந்து வரும் கொடுமையை ஒரு வீரனின் சிறப்பாற்றலுக்குப் பெயராக்க முடியாது.

2021இல் அறிமுகமான வார்டுக்குச் சுங்கம். எதிராளி இலக்காக்கினால் விலை கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அவர் மந்திரம் முறியும். ‘சுங்கம் 2’ என்று சீட்டில் அச்சிட இடமும் போதும்.

இன்டிஸ்ட்ரக்டிபிளுக்கு ‘அழியாமை’ வேண்டாம். அழிதல் தன்வினை, அழித்தல் பிறவினை. இந்த ஆற்றல் உள்ள உயிரியின் தாங்குதிறன் 0 ஆனால் அது கல்லறைக்குப் போகும், பலியிட்டாலும் போகும். ‘அழி’ என்ற கட்டளையும் உயிர்போக்கும் அளவு சேதமும் மட்டுமே அதனிடம் பலிக்காது. முடிவிலி போல ‘அழிப்பிலி’ எனலாமா?

அன்புடன்.

---

வணக்கம் ஐயா. விலக்கு எனக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் ‘எக்ஸைல்’ என்பதற்கு நான் ‘விலக்கு’ என்ற வினையை 40 சீட்டுகளில் பயன்படுத்திவிட்டேன். ஒரே சொல் இரண்டு இடத்தில் வருமே?

அழிப்பிலி என்றால் ‘பிறரை அழிக்காதது’ என்றும் பொருள்படுகிறது. அடிபடு, உடைபடு போல அழிபடு என்று கொண்டு அழிபடாமை என்று வைத்தால் என்ன?

---

அம்மா, அழிபடாமை மிகச் சரி. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ‘படு’ துணைவினை இருக்கும்போது நான் இலியைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை.

எக்ஸைலுக்கு அகற்று என்று மாற்ற முடியுமா? சீட்டைத் தனியே ஒதுக்கி வைப்பதற்கு அதுவே பொருந்துகிறது. 40 சீட்டுகளையும் திருத்தும் வேலையில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன், கோப்பை அனுப்புங்கள். டிராம்பிளுக்கு நீங்கள் எழுதிய ‘மிதி’யைத் தனி இழையில் பேசுவோம். மறித்த உயிரிக்குப் போக மிஞ்சிய சேதம் எதிராளிக்குப் போவதை அந்தச் சொல் சொல்லவில்லை.