வளைவில் திரும்பும்போது கப்ளர் தானாகத் திறந்துகொள்கிறது: நீண்டு சுருங்கும் கைப்பிடியில் கோளாறு எங்கே?

கேட்பவர்: டிப்ளமா மாணவர், நாகர்கோவில்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இயந்திரவியல் இறுதியாண்டு மாணவர்கள். சரக்கு வேகனில் உள்ள நடு பஃபர் கப்ளரை, அதாவது ஒரு வேகனை அடுத்ததோடு இணைக்கும் பூட்டு அமைப்பை, நான்கில் ஒரு பங்கு அளவில், வகுப்பறையில் இயக்கிக் காட்டக்கூடிய மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறோம். அமெரிக்க வேகன்களில் சிலவற்றில் இருப்பதுபோல, மோதலின் வேகத்தைத் தாங்குவதற்காகக் கப்ளர் முன்னும் பின்னும் 64 மி.மீ. நகரும்படியும், வளைவில் பக்கவாட்டில் இருபுறமும் 45 மி.மீ. அசையும்படியும் அமைத்திருக்கிறோம்.

கழற்றுவதற்கான கைப்பிடி வேகனின் வலப்பக்க ஓரத்தில் உள்ள பிராக்கெட்டில் தொங்குகிறது. அதிலிருந்து கப்ளரின் நடுவில் உள்ள பூட்டுத் தூக்கி (கைப்பிடியைத் தூக்கித் திருகும்போது பூட்டை மேலே ஏற்றும் உறுப்பு) வரை 300 மி.மீ. தூரம். இந்த இடைவெளியை அரை அங்குல ஜி.ஐ. குழாயாலும், அதற்குள் வழுக்கிச் செல்லும் 14 மி.மீ. உருண்டைக் கம்பியாலும் இணைத்திருக்கிறோம். குழாயில் 60 மி.மீ. நீளத்தில் ஒரு காடி (நீண்ட துளை) வெட்டி, கம்பியில் அடித்த 6 மி.மீ. பின் அதில் ஓடும்படி விட்டிருக்கிறோம்.

நேர்த்தண்டவாளத்தில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. கப்ளர் கைப்பிடிக்கு எதிர்ப்புறமாக, அதாவது இடப்பக்கம் திரும்பினால், யாரும் தொடாமலேயே பூட்டு தூக்கிக்கொண்டு நக்கிள் (அடுத்த கப்ளரைப் பிடித்துக்கொள்ளும், விரல்போல மடங்கும் பாகம்) திறந்துவிடுகிறது. வலப்பக்கம் திரும்பினால் திறப்பதில்லை. ஆனால் கைப்பிடி வெளியே தள்ளப்படுகிறது. நக்கிளின் தேய்மானம் காரணமா, பூட்டின் எடை போதவில்லையா என்று தெரியவில்லை. பூட்டின் மேல் ஒரு ஸ்பிரிங் வைத்து அழுத்தலாமா?

மறுமொழி: பட்டறைக்காரர், தக்கலை

தம்பி, ஸ்பிரிங் வைக்காதீர்கள். கழற்ற வேண்டிய நேரத்தில் அதுவே எதிரியாகிவிடும்.

கோளாறு பின்னில் இருக்கிறது என்பது என் கணிப்பு. கைப்பிடியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் திருகுவிசை முழுவதையும் அந்த 6 மி.மீ. பின்தான் தாங்குகிறது. மெல்லிய குழாய்ச் சுவரில் வெட்டிய காடியின் ஓரத்தைப் பின் கடித்து, அங்கே ஒரு சிறு பள்ளமும் அதன் விளிம்பில் பிசிறும் உண்டாகியிருக்கும். விரல் நகத்தைக் காடியின் ஓரமாக இழுத்துப் பாருங்கள். நகம் தட்டும் இடத்தில்தான் கம்பி சிக்குகிறது. சிக்கிய கம்பி வழுக்காது. கப்ளர் நகரும்போது பூட்டுத் தூக்கியையும் சேர்த்து இழுத்துவிடும்.

உருண்டைக்குள் உருண்டையை விடுவதே இந்த வேலைக்குப் பொருந்தாது. சதுரக் குழாய்க்குள் சதுரக் கம்பியை விட்டால் நீளவாக்கில் தாராளமாக வழுக்கும், திருகினால் ஒன்றாகத் திரும்பும். பின்னுக்குக் கம்பி கழன்று விழாமல் தடுக்கும் வேலை மட்டும்தான் மிஞ்சும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வேகன் பராமரிப்பு ஊழியர், நாகர்கோவில்

பட்டறைக்காரர் அண்ணாச்சி சொன்ன பிசிறு இருக்கலாம். ஆனால் சிக்குவதுதான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் சிக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் இழுக்கிறது, வலப்பக்கம் திரும்பினால் தள்ளுகிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். கம்பிக்கு நகர இடம் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

இந்தக் கைப்பிடி நீண்டு சுருங்குவது கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காக மட்டுமன்று. ஆள் இரண்டு வேகன்களுக்கு இடையில் நுழையாமலேயே கழற்ற வேண்டும் என்பது அமெரிக்காவில் 1893ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சாதனச் சட்டத்திலேயே வந்துவிட்டது. நக்கிள் கப்ளரை உருவாக்கிய அமெரிக்கர் ஜேனியின் காப்புரிமை அதற்கும் 20 ஆண்டுகள் முந்தையது. நம்முடைய பழைய ஐ.சி.எஃப். (சென்னைப் பெட்டித் தொழிற்சாலை) வகைப் பயணிகள் பெட்டிகளின் திருகு இணைப்பில் ஆள் நடுவே குனிந்து நுழையத்தான் வேண்டும். அந்த ஆபத்தைத் தவிர்க்கச் சாதாரண வேகனுக்கு ஓரத்திலிருந்து வரும் ஒரே நீளக் கம்பியே போதும், ஏனெனில் அங்கே கப்ளரின் முன்பின் நகர்வு மிகக் குறைவு. வேகன் முனையில் 10 அல்லது 15 அங்குலம் நகரும் அதிர்ச்சி தாங்கியை வைத்த பிறகுதான், கப்ளர் எங்கே போனாலும் பூட்டைத் தொந்தரவு செய்யாமல் உடன்போகும் கம்பி தேவைப்பட்டது.

எனவே பின் காடிக்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் அளந்து எழுதுங்கள். கப்ளர் நேராக, நடுவில் இருக்கும்போது அளக்க வேண்டும்.

இன்னொன்று. பூட்டு அதிர்வினால் தானாக மேலே ஏறாமல் இருக்க உண்மையான கப்ளரில் ஒரு தடுப்பு உண்டு. அதை மாதிரியில் வைத்தாலும் இந்தக் கோளாறு தீராது. பூட்டுத் தூக்கி அசையும்போது முதலில் விலகுவது அந்தத் தடுப்புதான். கம்பி இழுப்பதும் ஆள் கைப்பிடியைத் தூக்குவதும் கப்ளருக்கு ஒன்றே.

கேட்பவர்

அளந்துவிட்டோம், ஐயா. பின், கம்பி குழாயிலிருந்து வெளியே நீளும் பக்கமாக 18 மி.மீ. நகர்கிறது, குழாய்க்குள் சுருங்கும் பக்கமாக 36 மி.மீ. நகர்கிறது. காடி 60 மி.மீ. என்பதால் மொத்தம் 60 வரும் என்று நினைத்திருந்தோம், 54தான் வருகிறது. பட்டறைக்காரர் அண்ணாச்சி சொன்ன பிசிறும் ஓர் இடத்தில் இருக்கிறது. அரம் போட்டுத் தேய்த்த பிறகு கம்பி இலகுவாக ஓடுகிறது, ஆனால் நக்கிள் முன்போலவே திறக்கிறது.

மறுமொழி: ஓய்வுபெற்ற வேகன் பராமரிப்பு ஊழியர், நாகர்கோவில்

குறைந்த 6 மி.மீ. பின்னின் தடிமன். இனித் தேவையைக் கணக்கிடுவோம்.

கப்ளர் முன்பின்னாக மட்டும் 64 மி.மீ. நகர்ந்தால், 300க்கும் 64க்கும் உரிய செங்கோண முக்கோணத்தின் கர்ணம் ஏறத்தாழ 307. ஆகவே கம்பி 7 மி.மீ. நீண்டால் போதும். உள்ளே தள்ளினாலும் வெளியே இழுத்தாலும் நீளம் கூடுமே தவிரக் குறையாது. பக்கவாட்டு அசைவு அப்படிப்பட்டதன்று. கப்ளர் 45 மி.மீ. விலகினால் கம்பியும் முழுதாக 45 மி.மீ. நீளவோ சுருங்கவோ வேண்டும். பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் முன்பின் நகர்வை நினைத்தே காடியின் நீளத்தை முடிவு செய்திருப்பீர்கள். இடத்தைத் தின்பது பக்கவாட்டு அசைவு.

இரண்டும் சேர்ந்து வரும் மோசமான நிலையில் 345க்கும் 64க்கும் கர்ணம் 351. அதாவது 51 மி.மீ. நீள வேண்டும், உங்களிடம் இருப்பது 18. சுருங்க வேண்டியது 45, இருப்பது 36. முதல் பக்கத்தில் 33 மி.மீ. பற்றாக்குறை, அதனால் பூட்டு திறக்கிறது. அடுத்த பக்கத்தில் 9 மி.மீ., அதனால் கைப்பிடி சற்றே தள்ளப்படுகிறது. நீங்கள் கண்ட இரண்டு அடையாளங்களும் இதில் அடங்கிவிடுகின்றன. பின்னைக் காடியின் நடுவுக்கு மாற்றினாலும் பயனில்லை, மொத்தத் தேவையே 96. இரு முனையிலும் 10 மி.மீ. கூடுதல் இடமும் பின்னின் தடிமனும் சேர்த்து 122 மி.மீ. நீளத்தில் காடி வெட்டுங்கள்.

மறுமொழி: பட்டறைக்காரர், தக்கலை

அவ்வளவு நீளத்துக்கு உருண்டைக் குழாயில் காடி வெட்டினால் குழாய் பிளந்துகொள்ளும். 16 மி.மீ. சதுரக் குழாயை 1.6 மி.மீ. சுவருடன் வாங்குங்கள். உட்புறம் 12.8 வரும்; 12 மி.மீ. சதுரக் கம்பி அதில் தாராளமாக ஓடும். திருகும்போது இருபக்கமும் 4 பாகை அளவுக்கு ஆட்டம் இருக்கும். கைப்பிடியின் முழு வீச்சில் அது பொருட்டன்று. குழாயின் உள்ளே வெல்டிங் தையல் ஓடும். வாங்கும்போதே கம்பியை நுழைத்துப் பார்த்து, தட்டினால் அரத்தால் எடுத்துவிடுங்கள். முழுதாக நீண்ட நிலையிலும் குறைந்தது 60 மி.மீ. கம்பி குழாய்க்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் தொங்கிச் சிக்கும்.

கிரீஸ் வேண்டாம். குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் கண்காட்சிக்குக் கொண்டுபோனால் கடற்கரை மணல் கிரீஸில் ஒட்டிக்கொண்டு அரைக்கத் தொடங்கிவிடும். உலர்ந்த கிராஃபைட் தூள் போதும். உப்பு ஈரம் வடிவதற்குக் குழாயின் அடியில் ஒரு துளை போடுங்கள்.

கேட்பவர்

சதுரக் குழாய்க்கு மாற்றிவிட்டோம். இரு பக்கமும் திருப்பிப் பார்த்தோம். நக்கிள் திறக்கவில்லை, கைப்பிடி தள்ளவும் இல்லை. அதிர்ச்சி தாங்கியை முழுதாக அழுத்தும்போது மட்டும் கைப்பிடி பிராக்கெட்டில் இறுகிவிடுகிறது. அந்த நிலையில் தூக்கினால் மிகுந்த பலம் தேவைப்படுகிறது. உண்மையான வேகனில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்க, ஸ்டேஷன் யார்டுக்குப் போய் அளவெடுக்கலாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற வேகன் பராமரிப்பு ஊழியர், நாகர்கோவில்

அனுமதியில்லாமல் யார்டுக்குள் இறங்காதீர்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் அது குற்றம், ஆபத்தும் கூட. கன்னியாகுமரி நிலையத்தின் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே எல்.எச்.பி. எனப்படும் புதிய வகைப் பயணிகள் பெட்டிகளின் கப்ளரைப் பார்க்கலாம். அது எச் வகை டைட்லாக் (ஆட்டமில்லாமல் இறுகப் பூட்டும்) கப்ளர், உங்களுடையதைப் போன்றதன்று. ஆனால் ஓரத்திலிருந்து வரும் கம்பி பிராக்கெட்டில் எப்படித் தாங்கப்படுகிறது என்பதைக் கவனிக்க அது போதும்.

இறுகுவதற்குக் காரணம் பிராக்கெட்டின் துளை. 300 மி.மீ. தூரத்தில் 64 மி.மீ. நகர்ந்தால் கம்பி ஏறத்தாழ 12 பாகை சாய்கிறது. குழாயின் அளவுக்கே துளையிட்டிருந்தால் அது சாய இடமில்லாமல் விளிம்புகளில் அழுந்தும். துளையைக் கிடைவாட்டில் மட்டும் அகலமாக்கி, இரு விளிம்புகளையும் உருட்டிவிடுங்கள். மேல்கீழாக அகலப்படுத்த வேண்டாம். அப்படிச் செய்தால் கைப்பிடியைத் தூக்கும் வீச்சில் ஒரு பகுதி வீணாகி, பூட்டு முழு உயரத்துக்கு ஏறாமல் பாதியில் நிற்கும்.