ஹேமாக்கில் முதுகுக்குளிர்: உள்ளே பாயா, வெளியே குவில்ட்டா?

மலைப்பாதை_மாரி:
போன சனிக்கிழமை கொழுக்குமலையில ஒரு எஸ்டேட் கேம்ப். ரெண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல ஹேமாக், அதான் துணித் தூளி, கட்டிப் படுத்தேன். ஸ்லீப்பிங் பேக்ல 5 டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு. நண்பரோட தெர்மாமீட்டர் 9 காட்டுச்சு. நெஞ்சு சூடா இருக்கு, முதுகும் இடுப்பும் ஐஸ். ரெண்டு மணிக்கு எழுந்து ஜீப்புக்குள்ள போய் உட்கார்ந்துட்டேன். பேக் டூப்ளிகேட்டா?

தூளிக்காரன்:
பேக் மேல குத்தமில்ல தம்பி. சூட்டைப் பிடிச்சு வைக்கிறது பஞ்சுக்குள்ள அடைஞ்சிருக்கிற காத்துதான். உங்க எடையில அடிப்பக்கம் அப்பளமா நசுங்கிடுச்சு. கீழே காத்து வேற ஓடிக்கிட்டே இருக்கு. 20 டிகிரியிலேயே பல பேருக்கு முதுகு சிலுசிலுக்க ஆரம்பிச்சிடும். இதுக்கு ஒரே வழி அண்டர்குவில்ட். பஞ்சு அடைச்ச போர்வை மாதிரி, ஹேமாக்குக்கு வெளியே, அடியில தொங்கும். அது மேல நீங்க படுக்கிறதில்ல, அதனால நசுங்காது.

பாய்போதும்:
ஒரே வழியா? நம்ம ஊர்ல எந்தக் கடையில அண்ணே அது தொங்குது? வெளிநாட்டுல இருந்து வரவழைச்சு கஸ்டம்ஸ் கட்டுறதுக்குள்ள குளிர்காலமே முடிஞ்சிடும். ஒரு ஃபோம் மேட்டை ஹேமாக்குக்குள்ள விரிங்க, வேலை முடிஞ்சுது. நுரை எடைக்கு அவ்வளவா நசுங்காது, மழையில தண்ணி குடிக்காது. மரம் கிடைக்கலைன்னா தரையிலேயே போட்டுப் படுக்கலாம். உங்க குவில்ட்டைத் தரையில போட்டா அதுவும் அப்பளம்தான்.

தூளிக்காரன்:
புரண்டு படுத்தா பாய் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். பாய் அகலம் 20 அங்குலம். ஹேமாக் துணி தோளை ரெண்டு பக்கமும் வந்து அணைக்கும், அங்க பாய் எட்டாது. நுரை வேர்வையையும் வெளியே விடாது. காலையில பனியனைப் பிழிஞ்சு காயப்போடுங்க.

பாய்போதும்:
ரெண்டு அடுக்குத் துணி ஹேமாக் வாங்கி நடுவுல சொருகினா எங்க நகரும்? தோளுக்குக் குறுக்கே இன்னொரு துண்டு நுரை வெட்டி வைங்க. குவில்ட் விலையில கால்வாசி கூட ஆகாது.

கொடைக்கானல்_கோமதி:
ரெண்டும் வச்சிருக்கேன், சொல்றேன். குவில்ட்டோட முதல் ராத்திரி பாயை விட மோசம். கயிறைத் தளர விட்டுட்டேன். முதுகுக்கும் குவில்ட்டுக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி, குளிர்காத்து அங்கேயே குடித்தனம் பண்ணிடுச்சு. ரொம்ப இழுத்துக் கட்டினாலும் பஞ்சு நசுங்கிடும். நீங்க படுத்ததும் கூட வந்தவங்களை அடியில கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. உடம்பை லேசா ஒட்டி நிக்கணும், அவ்வளவுதான். ரெண்டு நுனியிலயும் காத்து புகாம சுருக்கு போடணும். மேல கட்டுற தார்ப்பாயைக் காத்து வர்ற பக்கம் தாழ்த்தலைன்னா பாயும் காப்பாத்தாது, குவில்ட்டும் காப்பாத்தாது.

இன்னொண்ணு மாரி, சில்வர் ஓக் கிளை பலமான காத்துல பொசுக்குன்னு ஒடியும். கட்டுறதுக்கு முன்னாடி அண்ணாந்து பாருங்க.

பாய்போதும்:
பார்த்தீங்களா, கட்டத் தெரியலைன்னா குவில்ட் வேஸ்ட்னு அக்காவே சொல்லிட்டாங்க.

கொடைக்கானல்_கோமதி:
நான் எங்கே அப்படிச் சொன்னேன்? டிசம்பர், ஜனவரியில நான் குவில்ட்தான் எடுத்துட்டுப் போறேன். பாய் மே மாசத்துக்கு.

மலைப்பாதை_மாரி:
கார் கண்ணாடிக்கு வெயில் மறைக்கிற சில்வர் ஷீட் கிடக்கு. அதைப் போட்டா?

தூளிக்காரன்:
லேசான குளிருக்குத் தாங்கும். ஆனா வேர்க்கும், புரண்டா மொறுமொறுன்னு சத்தம் வேற. வீட்ல பழைய பாலியஸ்டர் ரஜாய் இருந்தா நீளப் பக்கம் ரெண்டையும் மடிச்சுத் தைச்சு, உள்ளே எலாஸ்டிக் கயிறு கோர்த்து அடியில மாட்டுங்க. பருத்திப் பஞ்சு வேண்டாம். கனம், ஈரம் பிடிச்சா காயவும் காயாது.

மலைப்பாதை_மாரி:
அம்மாகிட்ட ரஜாய் கேட்டேன். "உன்னைத் தூளியில போட்டப்ப பழைய சேலையை நாலா மடிச்சு அடியில வச்சோம், நீ விடிய விடியத் தூங்கினே. இப்ப ரஜாய் கேக்குதா?"ங்கிறாங்க.

பாய்போதும்:
சேலையை உள்ளேதானே வச்சாங்க? அம்மா நம்ம கட்சி.