சிஸ்டம் ட்ரேக்கு ‘மாடம்’, ஒளித்த படவுருக்களுக்கு ‘உள்மாடம்’

அண்ணாச்சிக்கு வணக்கம்.

விண்டோஸ் கணினித் திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் குட்டிப் படவுருக்கள் (ஐகான்கள்) நிற்கும் ‘சிஸ்டம் ட்ரே’ என்ற இடத்துக்குத் தமிழில் ‘அமைப்புத் தட்டு’ என்றும், அவற்றை ஒளிப்பதற்குப் ‘படவுரு நீக்கம்’ என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆளைக் குழப்புவது அதுதான்.

பாளையங்கோட்டையில் டிடிபி கடை ஒன்றில் வேலை பார்க்கும் அக்காவுக்குப் போன மாதம் நடந்தது இது. தமிழ்த் தட்டச்சு நிரலின் (சாப்ட்வேரின்) படவுரு எப்போதும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஒருநாள் அதைக் காணோம். நிரலே போய்விட்டது என்று நினைத்து, வேறொரு தட்டச்சு நிரலை நிறுவிவிட்டார். இரண்டும் போட்டி போட்டு விசைகளைப் பிடிக்க, ஒரு எழுத்து அடித்தால் வேறொன்று வந்தது. கல்யாணப் பத்திரிகை வேலை ஒரு பகல் முழுக்க நின்றுபோனது. நான் போய், மேல்நோக்கிய அம்புக்குறியைச் சொடுக்கிப் பார்த்தால் பழைய நிரல் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரோ படவுருவை உள்ளே இழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘நீக்கம்’ என்று நாம் எழுதினால் அந்த அக்கா நினைத்ததைச் சரி என்று நாமே சொன்னதாகிவிடும். படவுரு கண்ணில் படாவிட்டாலும் நிரல் நினைவகத்தில் இடம் பிடித்துக்கொண்டு இருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் படவுருவை வலது சொடுக்கி வெளியேற வேண்டும். கணினி தொடங்கும்போதே அது எழக்கூடாது என்றால் டாஸ்க் மேனேஜரின் தொடக்கப் பட்டியலில் முடக்க வேண்டும். ஒளிப்பது இந்த இரண்டும் அல்ல.

அப்புறம், இடத்தின் பெயர். 1995-ல் விண்டோஸ் 95 பணிப்பட்டையோடு (டாஸ்க்பார்) சேர்த்து இதைக் கொண்டுவந்தது. மைக்ரோசாப்ட் ஆவணங்கள் நெடுங்காலம் நோட்டிபிகேஷன் ஏரியா என்றே எழுதின. ஜனங்கள் வாயில் நின்றது சிஸ்டம் ட்ரே. ‘அறிவிப்புப் பகுதி’ என்று வைக்கலாம்தான். ஆனால் விண்டோஸ் 10-ல் அறிவிப்புகளுக்குத் தனிப் பலகமே வந்துவிட்டதே. உங்கள் ‘அமைப்புத் தட்டு’க்கு வேறு சிக்கல். செட்டிங்சை ஏற்கெனவே ‘அமைப்புகள்’ என்கிறோம், தொடுதிரையில் ‘இங்கே தட்டவும்’ என்கிறோம். ‘அமைப்புத் தட்டு’ என்று பார்ப்பவர், அமைப்பைத் தட்டச் சொல்கிறார்கள் என்றுதான் படிப்பார்.

‘மாடம்’ என்று வைப்போம்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டில் தார்சாச் சுவரில், அதாவது முன்கட்டுச் சுவரில், ஒரு மாடக்குழி உண்டு. தீப்பெட்டி, மூக்குக் கண்ணாடி, திருநீறு, சாவி என்று கைக்கு அடிக்கடி வேண்டியது எல்லாம் அதில்தான் இருக்கும். சாயங்காலம் அகல் விளக்கும் அங்கேதான். காற்று பலமாக அடித்தால் ஆச்சி விளக்கை அணைக்க மாட்டாள். எரிகிற விளக்கை அப்படியே கையால் மறைத்து எடுத்துப்போய் அரங்கு வீட்டு (உள்ளறை) மாடக்குழியில் வைப்பாள். தார்சாவில் உட்கார்ந்திருப்பவருக்கு விளக்கு தெரியாது. ஆனால் எரிந்துகொண்டிருக்கும், எண்ணெயும் குறைந்துகொண்டிருக்கும். படவுருவை ஒளிக்கும்போது கணினியில் நடப்பதும் இதேதான்.

அதனால் வெளியே தெரியும் வரிசை ‘மாடம்’, அம்புக்குறிக்குள் இருப்பது ‘உள்மாடம்’. ஓய்ந்திருக்கும் படவுருக்களைத் தானாக ஒளிப்பது 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது ஒளிந்தவற்றுக்குத் தனிப் பெட்டியே கிடைத்தது. தனி இடம் என்று ஆன பிறகு அதற்குத் தனிப் பெயர் இருப்பதே முறை.

மாடம் என்றால் மாட மாளிகை நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். விளக்கு மாடம், துளசி மாடம், புறா மாடம் என்று சின்ன இடத்துக்கும் இச்சொல் வீட்டுக்கு வீடு புழங்குகிறது. திரையின் மூலையில் பார்ப்பவருக்கு மாளிகை தோன்றாது.

மெனுவில் ‘உள்மாடத்தில் வை’, ‘மாடத்தில் வை’, ‘நிரலை நிறுத்து’ என்று மூன்றும் தனித்தனியாக நிற்கட்டும். முதல் இரண்டும் படவுருவைப் பற்றியவை, மூன்றாவது நிரலைப் பற்றியது. அம்புக்குறிமேல் சுட்டியை வைத்தால் ‘உள்மாடத்தைத் திற’ என்று வரலாம். சிறுவர்களுக்கு அது புரியுமா, ‘உள்மாடத்தைக் காட்டு’ என்பது தேவலையா என்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பவர், இரண்டையும் அவர்களிடம் காட்டிப் பார்த்து எழுதுங்கள் அண்ணாச்சி.